‘சேமிக்க முடியவில்லை’: குடமுருட்டிக் கரையில் ஒரு வீட்டுக் கணினியின் நிகழ்வு ஆய்வு

பாபநாசம் வட்டத்தில் குடமுருட்டி ஆற்றை ஒட்டிய ஒரு சிற்றூரில், பொதுப்பணித் துறையின் பாசனப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரின் வீட்டுக் கணினியில் கோப்புகள் சேமிக்கப்படாமல் போனதற்கான காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. புகார் என்னிடம் வந்தபோது ஒரே வரியில் இருந்தது: “எதைச் சேமித்தாலும் நிற்கமாட்டேன் என்கிறது.” அதற்கு முன்பே ஒரு பழுதுபார்ப்புக் கடையில் சிபியு பெட்டியைக் காட்டியிருந்தார்கள். வைரஸ் புகுந்திருக்கிறது, ஹார்ட் டிஸ்க்கை முழுதும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக நிறுவ வேண்டும் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். வீட்டார் அதற்கு உடன்படவில்லை. கணினியைப் பற்றிய கவலை அவர்களுக்கு அவ்வளவாக இல்லை. அதிலிருந்த பதிவேட்டைப் பற்றித்தான் கவலை.

கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நீர் பிரிந்த பிறகு, தம் ஊர்ப்பக்கத்து மதகுகளுக்கு எந்த நாளில் எவ்வளவு நீர் வந்தது, எந்த வாய்க்காலின் கடைமடையை எத்தனை நாள் கழித்து அது எட்டியது என்பதைப் பெரியவர் காலையும் மாலையும் அளவுகோலைப் பார்த்துக் குறித்து வருகிறார். பணிக்காலத்தில் தொடங்கிய இப்பழக்கத்தை ஓய்வுக்குப் பின்னும் அவர் விடவில்லை. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-ஐ ஒட்டி அவருடைய குறுவைக் கணக்கு தொடங்கும். 2020-இலும் 2023-இலும் அந்த நாளிலேயே திறந்தார்கள். 2022-இல் மே 24-ஆம் நாளே திறந்துவிட்டார்கள். 2024-இல் ஜூலை 28 வரை தள்ளிப்போயிற்று. எனவே ஒவ்வோர் ஆண்டுக்கும் தனிக் கோப்புறை வைத்து, அதன் பெயரிலேயே திறப்பு நாளையும் எழுதி, ஆண்டுக்குள் ஆறு, ஆற்றுக்குள் தலைப்பு (நீர் பிரியும் இடம்), தலைப்புக்குள் வாய்க்கால் என்று அடுக்கியிருந்தார். எண்கள் எக்செல் 2010-இல் இருந்தன. அன்றன்றைக்கு எழுதும் குறிப்புகள், ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு தமிழ்த் தட்டச்சுச் செயலியில் இருந்தன. ஒரு நாள் காலையில் மதகில் நின்ற நீர்மட்டத்தை மறுநாள் போய் அளக்க இயலாது என்பதால், எதையும் திருத்துவதற்கு முன் எல்லாவற்றையும் காப்பாற்றிக்கொள்வது என்பதே இந்த ஆய்வுக்கு முதல் நிபந்தனை ஆயிற்று.

கணினி விண்டோஸ் 10 உடையது. உள்ளே 500 ஜிபி சுழலும் ஹார்ட் டிஸ்க், சி, டி என இரண்டு பிரிவுகள். பெரியவரைத் தவிர, மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கை எழுதும் மருமகளும், கல்லூரியில் படிக்கும் பேரனும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

முதலில் படிமம், பிறகு விசாரணை

சேமிப்புப் பிழை என்றதும் பலரும் முதலில் செய்வது, கட்டளைச் சாளரத்தைத் திறந்து, டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் கட்டளையைத் திருத்தும் அதிகாரத்தோடு ஓட்டுவது. நான் அதைச் செய்வதில்லை. அந்தக் கட்டளையின் வேலை கோப்பு முறைமையின் (டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பின்) கட்டுக்கோப்பைச் சரிசெய்வதே தவிர, பயனரின் எழுத்தைக் காப்பாற்றுவது அன்று. முரண்பாடு கண்ட இடத்தில் அது கோப்பை வெட்டவும் கூடும், பெயரற்ற துண்டாக ஒதுக்கவும் கூடும். ஹார்ட் டிஸ்க்கே நோயுற்றிருந்தால், மேற்பரப்பு முழுவதையும் வாசிக்கச் சொல்லும் அந்த நீண்ட ஓட்டமே அதற்குக் கடைசி ஓட்டமாகிவிடலாம். ஆகவே பென் டிரைவிலிருந்து லினக்ஸைத் தொடக்கி, ஹார்ட் டிஸ்க்கில் எதையும் எழுதாமல், டிடிரெஸ்க்யூ என்னும் கருவியைக் கொண்டு செக்டார் செக்டாராக (தகட்டின் சிறு சிறு கூறுகளாக) முழுப் படிமம் ஒன்றை, அதாவது ஹார்ட் டிஸ்க்கின் அச்சு அசலான நகலை, வெளிப்புற டிஸ்க்கில் எடுத்தேன். கோப்பு கோப்பாக நகலெடுப்பதைவிட இது நெடுநேரம் பிடிக்கும். ஆனால் கோப்பாக வெளியே தெரியாதவையும் படிமத்தில் வந்துவிடும். அது எவ்வளவு முக்கியமானது என்பது பின்னர்த் தெரிந்தது.

படிமம் ஒரு செக்டார்கூட விடுபடாமல் முடிந்தது. இதுவே முதல் தடயம். தகட்டின் மேற்பரப்பு பழுதாகியிருந்தால் வாசிப்பு எங்கேனும் தடுக்கியிருக்க வேண்டும்.

அதன்பின் மூவரையும் தனித்தனியே உட்காரவைத்து, யார், எந்தச் செயலியில், எந்த இடத்தில், எந்த நேரத்தில் சேமித்தபோது என்ன நடந்தது என்று கேட்டேன். ஒரே புகாராக வந்தது அந்த உரையாடலிலேயே பிரியத் தொடங்கிவிட்டது. பெரியவர் தம் குறிப்புகள் டி பிரிவில் சேமிக்கப்படுகின்றன, ஆனால் ‘ஆவணங்கள்’ கோப்புறையில் சேமிக்கவிடாமல் ‘கோப்பு காணப்படவில்லை’ என்று செயலி சொல்கிறது என்றார். மருமகளோ, “மாமா சேமித்ததாகச் சொல்கிற கோப்பு எல்லாம் வெறுங்கோப்பு, அளவு பூஜ்யம் என்று காட்டுகிறது” என்றார். அவருடைய சொந்தக் குறை வேறு: எக்செல் சில நேரங்களில் அரை நிமிடம் உறைந்து நின்று, ஆவணம் சேமிக்கப்படவில்லை என்று சொல்லிவிடும்; சிறிது நேரம் கழித்து அதே கோப்பு அதே இடத்தில் சேமிக்கப்பட்டுவிடும். பேரனுக்கு, 2022-ஆம் ஆண்டுக் கோப்புறைக்குள் மட்டும் எக்செல் எப்போதுமே சேமிக்காது என்பதும், சென்னையிலிருக்கும் தந்தை திருத்தி அனுப்பிய கோப்பில் பழைய எண்களே மீண்டும் மீண்டும் தெரிகின்றன என்பதும் குறைகள்.

வீட்டில் எல்லோருக்கும், கடைக்காரருக்கும்கூட, இவை ஒரே நோயின் குறிகளாகத் தோன்றியதில் வியப்பில்லை. கணினித் திரை எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே வாசகத்தையே காட்டுகிறது. ஆனால் சேமித்தல் ஒரே செயல் அன்று. எக்செல்லில் சேமிக்கும் பொத்தானை அழுத்தினால், அது பழைய கோப்பின்மீது நேரடியாக எழுதுவதில்லை. அதே கோப்புறையில் எட்டு எழுத்துகளால் ஆன தற்காலிகப் பெயரில், நீட்சி (பெயரின் முடிவில் கோப்பின் வகையைக் காட்டும் பகுதி) ஏதுமின்றி, ஒரு புதிய கோப்பை உருவாக்கி, உள்ளடக்கம் முழுவதையும் அதில் எழுதி, பழைய கோப்பை நீக்கிவிட்டு, புதியதற்குப் பழைய பெயரைச் சூட்டுகிறது. வேர்டும் ஏறத்தாழ இதே வழியில் செல்கிறது. பெயர் செல்லுமா என்று பார்த்தல், அந்த இடத்தில் உருவாக்க உரிமை உண்டா என்று பார்த்தல், எழுதுதல், நீக்குதல், பெயர் மாற்றுதல் ஆகியவற்றுள் எது முறிந்தாலும் பயனருக்குக் கிடைப்பது ‘சேமிக்கப்படவில்லை’ என்ற ஒரே பதில்தான். திரையில் வரும் செய்தி, செயலி என்ன உணர்ந்தது என்பதைச் சொல்கிறது. என்ன நடந்தது என்பதை அது பெரும்பாலும் அறியாது. எனவே எந்தப் படி முறிந்தது என்று கண்டுபிடிப்பதுதான் இத்தகைய ஆய்வின் வேலை, மற்றதெல்லாம் ஊகம்.

பூஜ்ய அளவுள்ள குறிப்புகள்

மாமனாருக்கும் மருமகளுக்கும் இடையிலிருந்த வழக்கில் இருவர் சொன்னதும் உண்மையாக இருந்தது. பெரியவர் தம் செயலியைத் திறந்து, பெயரைத் தட்டச்சு செய்து, குறிப்பு முழுவதையும் திரையில் கொண்டுவந்து காட்டினார். மருமகள் கோப்புறையைத் திறந்து, அதே கோப்பு நீட்சியின்றி, பூஜ்ய அளவோடு கிடப்பதைக் காட்டினார்.

விளக்கம் பெயரில் இருந்தது. அந்தப் பழைய செயலி, எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பொதுத் தரநிலையான யூனிகோடு காலத்துக்கு முற்பட்ட முறையில் எழுதப்பட்டது. தமிழுக்கென விண்டோஸில் பழைய வகைக் குறிமுறைப் பக்கம் (எந்த எண் எந்த எழுத்து என்னும் அட்டவணை) எதுவும் எக்காலத்திலும் இருந்ததில்லை. தமிழ் அதில் யூனிகோடு வழியாகவே நுழைந்தது. ஆகையால் அத்தகைய செயலியிடம் யூனிகோடு தமிழில் கோப்புப் பெயர் கொடுத்தால், ஒவ்வோர் எழுத்தும் கேள்விக்குறியாக மாறிவிடும். கேள்விக்குறி விண்டோஸில் கோப்புப் பெயருக்கு விலக்கப்பட்ட குறி என்பதால் சேமிப்பு அங்கேயே நின்றுவிடும். இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே பட்டறிந்த பெரியவர், பெயர்களை எண்களால் மட்டுமே எழுதப் பழகியிருந்தார். நாளைச் சாய்கோட்டோடு எழுதினால் செயலி மறுத்தது, ஏனெனில் சாய்கோட்டை அது கோப்புறைப் பிரிப்பாகக் கொள்கிறது. அதனால் இடைக்கோட்டுக்கு மாறினார். நேரத்துக்கு மட்டும் இயல்பாகவே முக்காற்புள்ளியைப் பயன்படுத்தினார். ‘12-06-20 6:30’ என்பது அவர் வைத்த ஒரு பெயர்.

விண்டோஸின் வழக்கமான சேமிப்புப் பெட்டி முக்காற்புள்ளியைக் கண்டதும் தடுத்துவிடும். இச்செயலி தன் சொந்தப் பெட்டியில் பெயரை வாங்கி, அப்படியே இயங்குதளத்திடம் கொடுத்துவிட்டது. விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமையில் முக்காற்புள்ளிக்குத் தனிப் பொருள் உண்டு: அதற்கு முன்னுள்ளது கோப்பின் பெயர், பின்னுள்ளது அந்தக் கோப்போடு இணைந்த ஒரு துணை ஓடையின் (கோப்போடு மறைவாக ஒட்டியிருக்கும் தனித் தரவுப் பகுதியின்) பெயர். ஆக, இயங்குதளம் ‘12-06-20 6’ என்று ஒரு கோப்பை உருவாக்கி, செயலி சேர்த்த நீட்சியோடு ‘30.டெக்ஸ்ட்’ என்ற பெயரில் ஓர் ஓடையைத் திறந்து, குறிப்பு முழுவதையும் அதில் எழுதிவிட்டது. கோப்பின் முதன்மைப் பகுதி காலியாகவே இருந்தது. கோப்புறைச் சாளரம் முதன்மைப் பகுதியின் அளவை மட்டுமே காட்டும். பிழை எதுவும் நேரவில்லை என்பதால் பிழைச்செய்தியும் வரவில்லை. முக்காற்புள்ளியோடு முழுப் பெயரைத் திரும்பக் கொடுத்தால் செயலி அதே ஓடையைத் திறந்து காட்டியது. கட்டளைச் சாளரத்தில் கோப்புப் பட்டியல் கட்டளையோடு ‘ஆர்’ என்னும் தெரிவைச் சேர்த்து ஓட்டியபோது, ஒவ்வொரு பூஜ்யக் கோப்பின் கீழும் ஓடைகள் வரிசையாக வெளிப்பட்டன.

மீட்பது கடினமாக இல்லை. பவர்ஷெல்லில் ஓடையின் பெயரைக் குறிப்பிட்டு, உள்ளடக்கத்தைப் பைட் மாறாமல் வாசித்துப் புதிய கோப்புகளில் எழுதச் செய்தேன். இழப்பு வேறிடத்தில் நேர்ந்திருந்தது. பெரியவர் ஒரு பருவத்துக் குறிப்புகளை இடம் கருதிப் பென் டிரைவுக்கு வெட்டி நகர்த்தியிருந்தார். அந்தப் பென் டிரைவ் ஃபேட்32 அமைப்புடையது. அதில் துணை ஓடைகளுக்கு இடமே இல்லை. நகர்த்தும்போது விண்டோஸ், இக்கோப்பின் சில பண்புகள் இழக்கப்படும், தொடரலாமா என்று கேட்டிருக்கும். பண்புகள்தானே போகின்றன என்று ‘ஆம்’ சொல்லியிருக்கிறார். போனது உள்ளடக்கம் முழுவதும். படிமத்தில் அவற்றின் எச்சங்களைத் தேடியபோது, பின்னர் எழுதப்பட்டவற்றால் பெரும்பகுதி மூடப்பட்டுவிட்டது தெரிந்தது. சில குறிப்புகள் மட்டும் மீண்டன. அந்த எச்சரிக்கைச் செய்தியின் சொற்றொடர் எவ்வளவு மென்மையானது என்பதை எண்ணும்போது, பெரியவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

‘ஆவணங்கள்’ கோப்புறையின் தடை

அதே செயலி ‘ஆவணங்கள்’ கோப்புறையில் எழுத முடியாமல் போனது வேறு காரணத்தால். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில், விண்டோஸோடு வரும் பாதுகாப்பு நிரலான டிஃபெண்டருக்குரிய செயற்பாட்டுப் பகுதியில், 1123 என்ற எண்ணுள்ள பதிவுகள் நிறைந்திருந்தன. ஒவ்வொன்றிலும் அந்தத் தட்டச்சுச் செயலியின் பெயர் இருந்தது. கட்டுப்படுத்தப்பட்ட கோப்புறை அணுகல் என்னும் பாதுகாப்பு ஒரு செயலியைத் தடுத்தபோது இடப்படும் எண் அது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல்கள், குறிப்பாக 2017 மே மாதத்தில் பரவிய வான்னாக்ரை, ஏற்படுத்திய அச்சத்துக்குப் பின், அவ்வாண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பில் இது சேர்க்கப்பட்டது. தானாக இயங்காது, யாரேனும் இயக்க வேண்டும். பேரன் இயக்கியிருந்தான். தாத்தாவின் பதிவேட்டைப் பாதுகாக்கவே அதைச் செய்தான் என்பதும், அதே நோக்கத்தோடுதான் குறிப்புகளை இனி ‘ஆவணங்கள்’ கோப்புறையில் வைக்கும்படி தாத்தாவிடம் சொன்னான் என்பதும் விசாரணையில் தெரிந்தன.

ஆவணங்கள், படங்கள், இசை, காணொளி முதலிய கோப்புறைகளில், நம்பத்தக்கது என்று டிஃபெண்டர் அறிந்த செயலிகள் மட்டுமே எழுத இப்பாதுகாப்பு இடம்கொடுக்கும். இருபதாண்டுப் பழைய செயலியை அது அறியாது. தடுக்கும்போது திரையின் மூலையில் அறிவிப்பு ஒன்று தோன்றி மறையும்; விசைப்பலகையைப் பார்த்தே தட்டச்சு செய்பவரின் கண்ணில் அது படுவதில்லை. மறுக்கப்பட்ட செயலியோ, தான் உருவாக்கியதாக எண்ணிய கோப்பைத் தேடி, அது இல்லாததால் ‘காணப்படவில்லை’ என்று சொல்லிவிடுகிறது. உரிமை இல்லை என்று அது சொல்லியிருந்தால் வழி சற்று விளங்கியிருக்கும்.

இணையத்தில் இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் தீர்வு, அப்பாதுகாப்பையே அணைத்துவிடுவது. அது தேவையற்றது. அனுமதிக்கப்பட்ட செயலிகளின் பட்டியலில் அந்த ஒரு செயலியைச் சேர்த்தால் போதும். சேர்த்தவுடன் சேமிப்பு நடந்தது.

கண்ணுக்கு 25, கணினிக்கு 42

2022-ஆம் ஆண்டுக் கோப்புறைக்குள் எக்செல் சேமிக்க மறுத்தபோது, அதே இடத்தில் வேர்டு சேமித்தது. இந்த ஒரு வேறுபாடே காரணத்தைக் காட்டப் போதுமானது. பழைய விண்டோஸ் முறையில் ஒரு கோப்பின் முழுப் பாதை, அதாவது பிரிவின் எழுத்து தொடங்கி நீட்சி வரை, 260 என்ற எல்லைக்குள் அடங்க வேண்டும். எக்செல் 2010-க்கு அதைவிடக் குறுகிய எல்லை உண்டு: 218.

தமிழில் பெயர் வைப்போர் இந்த எல்லையை எதிர்பார்ப்பதைவிட மிக விரைவில் தொட்டுவிடுகிறார்கள். நாம் ஓர் எழுத்தாக எண்ணும் உயிர்மெய்யும் மெய்யும் யூனிகோட்டில் பெரும்பாலும் இரண்டு அலகுகள்: ‘தி’ என்பதில் தகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று, ‘ர்’ என்பதில் ரகரம் ஒன்று, புள்ளி ஒன்று. அகரமேறிய எழுத்துகள் மட்டுமே ஓர் அலகில் அடங்கும். இதன்படி ‘தஞ்சாவூர்’ ஐந்து எழுத்து, ஒன்பது அலகு. ‘திருவையாறு’ ஐந்து எழுத்து, பத்து அலகு. பெரியவரின் கோப்புறை ஒன்றின் பெயர் ‘குடமுருட்டித் தலைப்பு நீர்வரத்துப் பதிவேடு’. இடைவெளிகளோடு சேர்த்து நம் கண்ணுக்கு அது 25, கணினிக்கு 42. இவ்வளவு நீளமுள்ள பெயர்கள் ஐந்து ஒன்றனுள் ஒன்றாக அமைந்தால், இடைச் சாய்கோடுகளும் பிரிவின் எழுத்தும் சேர்ந்து 217 ஆகிவிடும்; எக்செல்லின் நீட்சிக்கே இடமிராது. 2022-இல் மட்டும் இது நேர்ந்ததற்குக் காரணம், வழக்கத்துக்கு மாறாக முன்கூட்டியே நீர் திறந்ததைக் குறிக்க, ஆண்டுக் கோப்புறையின் பெயரில் பெரியவர் ஒரு முழு வாக்கியத்தையே எழுதிவைத்திருந்ததுதான்.

2016-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பு முதல் இந்த 260 எல்லையைத் தளர்த்தும் அமைப்பு உண்டு. ஆனால் செயலியும் அதற்கேற்ப எழுதப்பட்டிருந்தால்தான் பயன். எக்செல் 2010 அப்படிப்பட்டதன்று. ஆகவே பெயர்களைச் சுருக்குவதைத் தவிர வேறு வழியில்லை. பெரியவர் இதற்கு எளிதில் இணங்கவில்லை. பெயரில் இருந்த விவரங்களை ஒவ்வொரு கோப்புறையிலும் ‘விளக்கம்’ என்ற சிறு கோப்பில் எழுதிவைக்கலாம் என்று சொன்ன பிறகே உடன்பட்டார். நாளை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் ‘2022-05-24’ என எழுதினால் கோப்புறைகள் தாமாகவே காலவரிசையில் நிற்கும் என்பது அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

இரண்டு கொள்ளிடங்கள்

சென்னையிலிருக்கும் மகன் (பேரனின் தந்தை) அனுப்பிய திருத்தங்கள் காணாமல் போனதும் பெயர் தொடர்பானதே. பதிவேட்டில் ‘கொள்ளிடம்’ என்ற கோப்பு ஒன்றுதான் இருக்க வேண்டும், இரண்டு இருந்தன. எழுத்துக்கு எழுத்து ஒன்றுபோலவே தெரிந்தன. ஒரே கோப்புறையில் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருக்க முடியாது என்பதால், பேரன் அவற்றுள் ஒன்றைத் திரையின் கோளாறு என்றே எண்ணியிருந்தான்.

‘கொ’ என்ற எழுத்தை யூனிகோட்டில் இரண்டு வகையாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே அலகாகச் சேர்ப்பது ஒரு வகை. ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனி அலகுகளாகச் சேர்ப்பது மற்றொன்று. இரண்டும் சமம் என்று யூனிகோடு தரநிலை சொல்கிறது. என்டிஎஃப்எஸ் அப்படிக் கருதுவதில்லை. அதற்கு அலகுகள் வேறென்றால் பெயரும் வேறு. மாறாக, மேக் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை, பெயர்களைப் பிரித்த வடிவிலேயே வைக்கும். மகன் பயன்படுத்துவது பழைய மேக். அங்கிருந்து சுருக்கி அனுப்பப்பட்ட கோப்பு இங்கே பிரிக்கப்பட்டபோது, பழைய ‘கொள்ளிடம்’ கோப்பை மாற்றாமல் அதன் அருகிலேயே புதியதாய் அமர்ந்துகொண்டது. பேரன் திறந்துகொண்டிருந்தது பழையதை. சேமிப்பு முறையாகவே நடந்திருந்தது. முன்னதன் இடத்தில் பின்னது அமரும் படி மட்டும் நிகழவில்லை. ஒகர, ஓகார, ஔகாரம் வரும் பெயர்களை எல்லாம் ஒரு சிறு நிரலால் சேர்த்த வடிவுக்கு மாற்றியதும் இந்தக் குறை முடிந்தது.

தையல் இயந்திரமும் கேபிளும்

எஞ்சியது மருமகளின் குறை. எப்போதாவது வரும் பிழைதான் ஆய்வில் மிகவும் கடினமானது. விண்டோஸின் முறைமைப் பதிவேட்டில், எக்செல் உறைந்த நேரங்களை ஒட்டி, 129, 153 என்ற எண்ணுள்ள பதிவுகள் இருந்தன. முன்னது, ஹார்ட் டிஸ்க் பதில் தராததால் இணைப்பை மீட்டமைக்க நேர்ந்தது என்பதையும், பின்னது, வாசிப்போ எழுத்தோ மறுபடி முயலப்பட்டது என்பதையும் குறிக்கின்றன. மோசமான செக்டார் கண்டபோது வரும் 7-ஆம் எண் பதிவு ஒன்றுகூட இல்லை. ஹார்ட் டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் குறிப்புகளிலும், மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார்களைக் காட்டும் 5-ஆம் வரி, ஐயத்துக்குரியவற்றைக் காட்டும் 197, திருத்த இயலாதவற்றைக் காட்டும் 198 ஆகிய மூன்றும் பூஜ்யம். 199-ஆம் வரி மட்டும் நூற்றுக்கணக்கில் ஏறியிருந்தது. அது தகட்டின் பழுதைக் கணக்கிடுவதில்லை. ஹார்ட் டிஸ்க்குக்கும் தாய்ப்பலகைக்கும் இடையே போகும் வழியில் தரவு சிதைந்த தடவைகளைக் கணக்கிடுகிறது. படிமம் பழுதின்றி முடிந்ததற்கும் இது பொருந்தியது.

எப்போது உறைகிறது என்று மருமகளிடம் மீண்டும் கேட்டபோது, குழு வேலை மும்முரமாக இருக்கும் நாட்களில் அதிகம் என்றார். குழு வேலை என்பது தையல். மோட்டார் பொருத்திய தையல் இயந்திரமும் சிபியு பெட்டியும் ஒரே நீண்ட பலகையின்மீது இருந்தன. ஒருவர் தைக்க, மற்றொருவர் கணக்கை எழுதுவது அங்கே வழக்கம். 199-ஆம் வரியின் எண்ணைக் குறித்துக்கொண்டு, இயந்திரத்தை ஓடவிட்டு, பெரிய கோப்பொன்றை மீண்டும் மீண்டும் சேமிக்கச் செய்தேன், எண் ஏறியது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு அதையே செய்தேன், ஏறவில்லை. பெட்டியைத் திறந்தால், ஹார்ட் டிஸ்க்கைத் தாய்ப்பலகையோடு இணைக்கும் சாட்டா கேபிளின் முனை பற்றுக்கொக்கி இல்லாத பழைய வகை, தொட்டாலே அசைந்தது. ஆற்றங்கரை வீடு என்பதால் ஈரக்காற்றைக் காரணம் சொல்ல ஒரு நொடி தோன்றியது, ஆனால் முனையில் பச்சையோ துருவோ காணவில்லை. ஆடியதுதான் காரணம்.

கொக்கியுள்ள புதிய கேபிள் ஒன்றைப் பொருத்தி, பெட்டியைத் தனி முக்காலிக்கு மாற்றினோம். 199-ஆம் வரியின் எண் ஒருபோதும் குறையாது. கேபிளை மாற்றிய பின்னும் பழைய எண் அப்படியே நிற்கும். அதைக் கண்டு சிலர் பழுது தீரவில்லை என்று நல்ல டிஸ்க்கையே மாற்றிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது அது மேலும் ஏறுகிறதா என்பதை மட்டுமே. இயந்திரத்தை ஓட்டிச் செய்த அதே சோதனையில் எண் அசையவில்லை.

தொடர்பு அறுந்த நேரங்களில் எக்செல்லின் சேமிப்பு பாதியில் நின்றதால், எட்டு எழுத்துப் பெயருள்ள தற்காலிகக் கோப்புகள் பல அங்கங்கே கிடந்தன. குப்பை என்று அவற்றை அழிக்கும் எண்ணம் வீட்டாருக்கு இருந்தது. எக்செல் நீட்சியைச் சேர்த்துத் திறந்தபோது, எழுதும் படி முடிந்து பெயர் மாற்றும் படியில் நின்றுபோனவை முழுமையாகத் திறந்தன. குழுவின் கடன் வசூல் கணக்கில் விடுபட்டதாக எண்ணிய பக்கங்கள் அவற்றில் கிடைத்தன. ஒரு கோப்பு மட்டும் சரியான அளவோடு, ஆனால் உள்ளே முழுவதும் பூஜ்யங்களாக இருந்தது. அது கேபிளால் வந்ததன்று. யுபிஎஸ் பேட்டரி செத்துப்போயிருந்ததால், சேமித்த மறுகணமே மின்சாரம் நின்ற ஒரு நாளில் நேர்ந்தது. என்டிஎஃப்எஸ் தன் குறிப்பேட்டைக் கொண்டு காப்பது கோப்பு முறைமையின் கட்டமைப்பைத்தான். பெயரும் அளவும் பதிவாகி, உள்ளடக்கம் நினைவகத்திலிருந்து தகட்டுக்குப் போகுமுன் மின்சாரம் அறுந்தால், இப்படி ஒரு கூடு மட்டும் மிஞ்சும். அதற்கு மீட்பு இல்லை. பேட்டரியை மாற்றுவதுதான் உண்டு. மாற்றினார்கள்.

இப்போதைய நிலை

வைரஸ் தேடலை இறுதியில் ஓட்டினேன், எதுவும் அகப்படவில்லை. ஹார்ட் டிஸ்க்கை அழித்துப் புதிதாக நிறுவியிருந்தால், பேரன் இயக்கிய பாதுகாப்பு அணைந்திருக்கும் என்பதால் ஒரு குறை தற்காலிகமாக மறைந்திருக்கும். தளர்ந்த கேபிளும், நீண்ட பெயர்களும், இரட்டைப் பெயரும் அப்படியே இருந்திருக்கும். துணை ஓடைகளில் இருந்த குறிப்புகள் அனைத்தும் போயிருக்கும், ஏனெனில் அந்தக் கடையில் தரவை முன்கூட்டியே எடுத்துவைக்க நினைத்தது ஃபேட்32 பென் டிரைவில்.

பெரியவரின் பழைய குறிப்புகளை அவற்றின் எழுத்துருக் குறிமுறையிலிருந்து யூனிகோட்டுக்கு மாற்றும் வேலையைப் பேரன் தொடங்கியிருக்கிறான். மாற்றியவற்றை நோட்பேடில் சேமிக்கும்போது குறிமுறை, யூனிகோட்டை எழுதும் யுடிஎஃப்-8 என்றிருப்பதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். 2019-இல் வந்த 1903 பதிப்பு முதல் அதுவே இயல்பு, அதற்கு முந்தியவற்றில் ஆன்சி என்னும் பழைய குறிமுறையில் விட்டால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடனும், எக்செல் 2010-க்கான ஆதரவு 2020 அக்டோபர் 13-உடனும் முடிந்துவிட்டதால், அடுத்த குறுவைக்குள் இவ்வீட்டுக்கு வேறு ஏற்பாடு தேவைப்படும். அதுவரை, என்டிஎஃப்எஸ் அமைப்புள்ள வெளிப்புற டிஸ்க் ஒன்றில் வாரம் ஒருமுறை நகல் எடுக்கப்படுகிறது. நகலெடுத்த கோப்புகளில் ஏதேனும் இரண்டை அங்கிருந்தே திறந்து பார்த்த பின்புதான் டிஸ்க்கைக் கழற்றுவது என்பதை மருமகள் தம் பொறுப்பாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்.